இறக்கைக்குப் பசை

"யுத்தம் முடிஞ்சாச்சு, தெல்மா. இனி இந்த ராட்சச மர விமானம் எதுக்கு?" என்றார் கலிபோர்னியா தொழிற்கூடத்தின் மேற்பார்வையாளர் ஹார்லன்.

தெல்மா இறக்கைப் பலகைக்குப் பசை தடவுவதை நிறுத்தவில்லை. "எதிரியோட நீர்மூழ்கிக் கப்பலுக்கு எட்டாம, எழுநூறு சிப்பாய்ங்க வானத்துலயே கடலைத் தாண்டலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பதான் அந்தப் பயமே இல்லியே. உன் பையன் கப்பல்லயே வந்துடுவான். வீட்டுக்குப் போய் அவனுக்கு வாய்க்கு ருசியா சமைச்சுப் போடு."

"அவன் கப்பலை நீர்மூழ்கி மூழ்கடிச்ச மறுவாரம்தான் சார், நான் இங்க வேலை கேட்டு வந்தேன்."

மூன்று வருஷமாக, பையன் எங்கே என்று ஹார்லன் விசாரித்தபோதெல்லாம், 'கடல்லதான் இருக்கான்' என்றே அவள் சொல்லியிருந்தாள்.

"இது பறக்குமா சார்?"

அதுவரை அதை நம்பாத ஹார்லன், "பறக்கும்மா," என்றார்.