மூக்கும் முழியும்

"சுத்தமா கதை விடுறான்!" என்றாள் டீச்சரின் நாத்தனார், விளக்கைப் போட்டதும் போடாததுமாக.

நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய ஊமைப்படம் போட்டார்கள். திருடனுக்குப் பிறந்த பிள்ளை நீதிபதி வீட்டில் வளர்கிறான். நீதிபதி பெற்ற பிள்ளை பணப்பெட்டியை உடைக்கிறான். வளர்த்த பிள்ளை பழியை ஏற்று ஜெயிலுக்குப் போகிறான். 'பிறப்பு அல்ல, வளர்ப்பே மனிதன்' என்று திரையில் எழுத்து வந்து படம் முடிந்தது.

"வளர்ப்பாவது, மண்ணாவது! ரத்தம்னா ரத்தம்தான். இதோ, இவளையே பாரு. மூக்கும் முழியும் அப்படியே எங்க அம்மா. பிடிவாதம் எங்க அப்பா. மருந்துக்காவது உன் ஜாடை இருக்கா?"

டீச்சரிடம்தான் கேட்டாள். தம்பி மனைவியை வேறு எப்படிக் கேட்பாள்!

டீச்சரின் பதினோரு வயதுப் பெண் சிரித்தாள். "அத்தை, போன வாரம் உங்க மூக்குன்னீங்க!"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே மூக்குதான்டி."

முன் வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிச் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு வருஷமாக இதே பாட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, வந்தவர் உட்காருவதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிடுவாள்.

குழந்தையைத் தத்தெடுத்தது டீச்சருக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரியும். மாற்றலாகி வெளியூரில் இருந்தபோது எடுத்தார்கள். இரண்டு மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார்கள். இந்த வாரம் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. அதற்கு முன்னால் நாத்தனார் காதில் போட்டாக வேண்டும்.

ரத்தம், ரத்தம் என்று உயிரை விடுகிற மனுஷி. தெரிந்த பிறகு பிள்ளையைப் பழைய மாதிரி மடியில் சாய்த்துக்கொள்வாளா?

பெண் புரொஜெக்டரைப் பார்க்க ஓடினாள். டீச்சர் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லித் தொலையேன்."

"அவ... நான் பெத்த பொண்ணு இல்லை அண்ணி. தத்தெடுத்தோம்."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? முப்பது வருஷம் பிரசவ ஆஸ்பத்திரியில நர்ஸா குப்பை கொட்டினவ நான். பிள்ளை பெத்து ரெண்டு மாசம் ஆனவ எப்படி நடப்பா, எப்படி உட்காருவான்னு எனக்குத் தெரியாதா? நீங்க வந்து இறங்கின அன்னிக்கே தெரியும்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"அப்புறம் எதுக்கு அண்ணி, பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் எங்க மூக்கு, எங்க ரத்தம்னு தம்பட்டம் அடிச்சீங்க? ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குள்ள செத்துப் பிழைச்சேன், தெரியுமா?"

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குழந்தையைப் பார்க்க வந்தவங்க எடுத்த எடுப்பிலேயே 'யாரு ஜாடை?'ன்னு கேட்டாங்க. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. அதான் நான் முந்திக்கிட்டேன். அன்னியிலேருந்து இன்னிவரைக்கும் யாராவது உன்னை அந்தக் கேள்வி கேட்டதுண்டா?"