முகம் சுளிக்காமல்

ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்திருந்த திறமைத் துறை அதிகாரி கீபோர்டில் ஒரு பாட்டை வேண்டுமென்றேதான் தப்பாக வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரம் பிசகியது. சங்கீத ஞானம் உள்ளவர்களால் அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. சுளித்தால் அன்றைக்கே இசை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். இருக்கிற திறமையை வீணாக்குவது இப்போது குற்றம். அதைக் குற்றமாக்கியவர்களுக்கு என்ன திறமை என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டப் பந்தய முகாமுக்குப் போன எதிர்வீட்டுப் பெண் பொங்கலுக்கு மட்டும்தான் வருகிறாள்.

ஜெசிந்தா சுளிக்கவில்லை. அவளுக்கு ஆட்டோ ஓட்டத்தான் பிடிக்கும். பாலக்கரை நெரிசலின் ஹாரன் சத்தத்தை நினைத்துக்கொண்டு, ஆட்டோ சாவியை உள்ளங்கையில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். கணவன் லூர்து மூச்சுவிடவும் பயந்து சுவரோரம் நின்றான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. தாராளமா ஆட்டோ ஓட்டுங்க." அதிகாரி கீபோர்டை மூடப் போனார்.

மகள் பெனிட்டாவுக்கு நான்கு வயது. ஓடிவந்து ஒரு கட்டையை அழுத்தினாள். "அங்கிள், இதைத்தான் அமுக்கணும். நீங்க ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உள்ளதை அமுக்குறீங்க."

அதிகாரி மெல்ல மறுபடி உட்கார்ந்தார். "பாப்பா பேரு என்ன?"

லூர்து மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் வீட்டுல பாடிப் பாடித்தான் அந்தப் பாட்டு அவளுக்குப் பழக்கம்," என்றாள் ஜெசிந்தா.

சாவியை லூர்துவின் கையில் கொடுத்தாள். பிறகு அதே பாட்டை, முதல் வரியிலிருந்து, ஒரு பிசகும் இல்லாமல் பாடினாள்.