ஒரு புள்ளி அதிகம்

"பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க!"

அபூ ஃபவ்வாஸ் போட்ட சத்தத்தில் ஹதீலும் முன்தஸிரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அம்மானில் உள்ள அந்தக் கல்யாண மண்டபம் அவருடையது. மேடைக்குப் பின்னால் உள்ள பெரிய திரையை இயக்கும் பெட்டியும், அதில் ஓடும் டிரைவர் மென்பொருளும் இவர்கள் இருவருடையவை.

"போன வியாழக்கிழமை மாப்பிள்ளை பேரு மாறிச்சு, பொண்ணு பேரு மாறல. நாலு மணிப் பொண்ணுக்கும் ஆறரை மணி மாப்பிள்ளைக்கும் என் திரையில கல்யாணம் ஆயிடுச்சு! பதினேழு நொடி! எண்ணினேன்!"

முன்தஸிர் தலைகுனிந்தான். "தப்பு என்னோடதுதான். 'இப்போதைய பொண்ணு'ன்னு எழுதிட்டேன். படம் மாறுறதுக்கு முன்னாடி இப்போதையதுன்னா பழசு. மாறின பிறகு இப்போதையதுன்னா புதுசு. அதுல குழம்பிடுச்சு."

"இப்போதைய பொண்ணா? மரியாதையான மண்டபம்யா இது!"

ஹதீல் சிரிப்பை இருமலாக மாற்றினாள். "இனி அந்த வார்த்தையே கிடையாது, அபூ ஃபவ்வாஸ். பழையது, புதியது, ரெண்டே பேருதான். புதுசைத் தனியா தயார் பண்ணி முழுசா சரிபார்ப்போம். ஒரு குறை இருந்தாலும் உள்ள விடமாட்டோம், பழசையும் தொடமாட்டோம். எல்லாம் சரின்னாதான் மொத்தமா மாறும்."

"என்ன குறை?"

"படத்தோட அகலம்னு வைங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி. கூடினா பெட்டி வேண்டாம்னுடும்."

"எத்தனை கூடினா?"

"ஒண்ணு போதும்."

எதையும் எழுதி வைப்பவர், இதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். "இன்னிக்கு ஒழுங்கா மாறணும். இல்லேன்னா பெட்டி வெளியே."

"பெட்டி வெளியே வந்தா வேலையிலேர்ந்து நானும் வெளியே," என்று முன்தஸிர் முனகினான்.

நாலு மணிக் கல்யாணம் ஆறுக்கு முடியவேண்டும். ஆறு தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் விளக்கை அணைப்பவர் என்று அபூ ஃபவ்வாஸுக்கு ஊரெல்லாம் பெயர்.

ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மணப்பெண் லுஜைனின் அண்ணன் ஓடிவந்தான். "கொஞ்ச நேரம் குடுங்க. அப்பா நப்லுஸ்லேர்ந்து வர்றார். காலையிலேர்ந்து எல்லைப் பாலத்துச் சோதனையில நின்னுட்டு, இப்பதான் ஊருக்குள்ள வந்திருக்கார்."

"ஆறுன்னா ஆறு. உங்க அப்பாவுக்காகக் கடிகாரம் நிக்குமா?"

பிறகு அபூ ஃபவ்வாஸ் ஹதீல், முன்தஸிர் பக்கம் திரும்பினார். "படத்தை நான் அனுப்புறேன். நீங்க இங்கயே நின்னு திரையைப் பாருங்க." அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

மணி ஆறு. திரை மாறவில்லை. லுஜைன், கைஸ் என்ற பெயர்கள் அப்படியே மின்னின.

வாசலில் அடுத்த கல்யாணத்தின் மேளங்கள் வந்துவிட்டன. "எங்க பேரு எங்கே?" என்று கூச்சல்.

அபூ ஃபவ்வாஸ் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொரு பொண்ணு பேருக்குக் கீழ உங்களை உட்கார வைக்கவா? போன வாரம் பட்டது போதும்! எல்லாம் இந்தப் பெட்டிக்காரங்க வேலை! ஜூஸ் குடிங்க, ஜூஸ்!"

ஜூஸ் குடித்த கூட்டம் வாசலிலேயே கைகோத்து ஆடத் தொடங்கியது.

அவர் இரண்டாம் தடவை அனுப்பினார். மூன்றாம் தடவை. நான்காம் தடவை. திரை அசையவில்லை.

"பாதி பழசு, பாதி புதுசுன்னு ஆகல பாரு," என்றாள் ஹதீல். "பழசு முழுசா நிக்குது."

"என் வேலையும் இப்படி நின்னா தேவலை!"

ஆறு பதினாலுக்குக் கசங்கிய கோட்டும் கையில் பையுமாக ஒருவர் உள்ளே ஓடிவந்தார். திரையில் மகள் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். லுஜைன் கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து பாய்ந்தாள். வாசலில் நின்ற மேளக்காரர்கள், இது யார் கல்யாணம் என்று கேட்காமலே உள்ளே புகுந்து வெளுத்து வாங்கினார்கள். அப்பாவும் மகளும் ஆட, இரண்டு கல்யாணமும் சேர்ந்து ஆடியது.

ஆறு இருபத்திரண்டு. அபூ ஃபவ்வாஸ் ஐந்தாம் தடவை அனுப்பினார். பெயர்கள், பூக்கள், பின்னணி, எல்லாம் ஒரே இமைப்பில் மாறின. இரு வீட்டாரும் கைதட்டினார்கள்.

அபூ ஃபவ்வாஸ் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். "பெட்டி இருக்கட்டும்."

"நாலு தடவை மாறலையே?" முன்தஸிருக்கு நம்பிக்கை வரவில்லை.

பெட்டியில் பதிவாகியிருந்ததை ஹதீல் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாலு தடவையும் படத்தோட அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு. ஒரே ஒரு புள்ளி அதிகம். பதினேழு நொடியை எண்ணினவர் நீங்க, அபூ ஃபவ்வாஸ்!"

அவர் அவசரமாக நோட்டை மூடி, கதவுப் பக்கம் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. வெளியே தெரிஞ்சா நாளைக்கு எல்லாரும் அஞ்சு நிமிஷம் கேட்பாங்க."