மாவுக்கட்டு

"எங்க வலிக்குதுன்னு நீயே ஒரு விரலால தொட்டுக் காட்டும்மா" என்றார் டாக்டர் தேவயானி.

ஷீபா வலது கணுக்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டாள். துருத்தி நிற்கும் எலும்புக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கமாக. அந்த இடம் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. கபடி மைதானத்து மண் முட்டிவரை அப்படியே ஒட்டியிருந்தது.

ரெய்டு போய்த் திரும்பும்போது கோட்டுக்குப் பக்கத்தில் பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். பள்ளிக்கூடத்து பி.டி. சார் எத்திராஜ்தான் அவளைத் தன் பைக்கில் உட்காரவைத்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கிளினிக்குக்குக் கூட்டிவந்திருந்தார்.

டாக்டர் வலிக்கிற இடத்துக்கு உடனே போகவில்லை.

முட்டிக்குக் கீழே கெண்டைக்கால் எலும்புகளைச் சேர்த்து அழுத்தினார். வலியில்லை. உள்பக்கக் கணுவை அழுத்தினார். இல்லை. சுண்டுவிரலிலிருந்து குதிகால் நோக்கி வரும் ஓரத்தில் ஒரு மேடு உண்டு, அதை அழுத்தினார். இல்லை.

கடைசியாக வெளிக்கணுவின் பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து நன்றாகவே அழுத்தினார். கண் காலில் இல்லை, ஷீபாவின் முகத்தில் இருந்தது. முகம் சுளிக்கவில்லை.

விரல் இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்ததும், "அய்யோ மேடம்!" என்று டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வலி எலும்பில் இல்லை. ஜவ்வில்.

"எழுந்து நாலு அடி நட, பாக்கலாம்."

நொண்டினாள். ஆனால் நடந்தாள். எடை பார்க்கும் மெஷின் வரை போய், சுவரைப் பிடிக்காமல் திரும்பி வந்தாள்.

எக்ஸ்ரே எடுக்கக் காஞ்சிபுரம் வரை அலையவேண்டாம். ஐஸ், துணிக்கட்டு, இரண்டு மூன்று வாரம் ஓய்வு. அதற்கப்புறம் மாவட்ட அணித் தேர்வுக்கு ஓடியே போகலாம். வெறும் சுளுக்குத்தான். அதைச் சொல்ல டாக்டர் வாயெடுத்தார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. எத்திராஜ் உள்ளே வரவில்லை. ஃபோனைக் கையில் பிடித்தபடி, வெளியே வரச்சொல்லித் தலையசைத்தார்.

வராந்தாவில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவங்க நைனா ஆல்பர்ட்டு, தென்னேரில மூட்ட தூக்கற வேலைக்குப் போயிருந்தாரு டாக்டர். இங்கதான் வந்துகினு இருந்திருக்காரு. வாலாஜாபாத் தாண்டி, ஜல்லி லாரில மோதி..."

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஸ்பாட்லயே போயிட்டாராம். அவங்க அம்மாவ இட்டார ஆள் அனுப்பிகீறேன். இந்தப் பொண்ணுகிட்ட நீங்கதான் சொல்லணும் டாக்டர். என்னால முடியாது."

டாக்டர் உள்ளே வந்தார். இந்த மாதிரிச் சேதிகளை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். நின்றுகொண்டு சொல்லக்கூடாது. ஸ்டூலை இழுத்துப்போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஷீபா கேட்டுவிட்டாள்.

"இன்னா மேடம், ஒடஞ்சிகீதா?"

டாக்டர் வீங்கிய இடத்தில் கையை வைத்தார்.

"நைனாவுக்கு ஃபோன் போட்டு, காலு ஒடஞ்சிபோச்சி, ஒடனே வான்னு கத்தி அழுதுட்டேன். அது வேலைய பாதியில வுட்டுட்டு வந்துகினு கீது." சிரிக்கப் பார்த்தாள். "வெறும் சுளுக்குன்னு தெரிஞ்சா, இதுக்காடி என்னை அப்டி பறக்கவுட்டேன்னு கேக்கும்."

டாக்டரின் கை அந்த வீக்கத்தின் மேல் இருந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு அப்பா போன சேதி தெரிந்துவிடும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஒரு சுளுக்குக்காகப் போனார் என்பதையும் சேர்த்து இவள் ஆயுசுக்கும் சுமக்கவேண்டுமா?

"ஆமாம்மா" என்றார். "எலும்பு உடைஞ்சுதான் இருக்கு."

ஷீபா அவரையே பார்த்தாள்.

"நீ ஃபோன் பண்ணது சரிதான். இந்தக் காலுக்கு யாரா இருந்தாலும் ஓடித்தான் வருவாங்க."

"அப்ப செலக்ஷன்?"

"இந்த வருஷம் வேணாம்மா."

ஷீபாவின் உதடு கோணியது. முகத்தை மூடிக்கொண்டு, கையோரத்து மண் கன்னத்தில் கரைய, தேம்பித் தேம்பி அழுதாள். டாக்டர் தடுக்கவில்லை. செலக்ஷனுக்காக அழுகிற அழுகை அது. அவ்வளவு நேரமாவது அதற்கே அழட்டும்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நைனா வந்தா நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா நம்பாது."

நர்ஸ் ராணியம்மாள் துணிக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். ஷீபா நடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"அது வேணாம்" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மாவுக்கட்டு போடணும்."

ராணியம்மாள் டாக்டரை ஒரு தரம் பார்த்தாள். துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

நனைந்த மாவுத்துணிப் பட்டியைப் பாதத்திலிருந்து முட்டிக்குக் கீழ்வரை டாக்டரே வைத்துச் சுற்றினார்.

"சுடுது மேடம்."

"இறுகும்போது அப்படித்தான் சுடும்மா."

இறுகும்வரை காலை அசையாமல் பிடித்திருக்கவேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெருவில் ஏதாவது வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் ஷீபா கதவைப் பார்த்தாள்.

கட்டு எப்போதோ இறுகிவிட்டது. டாக்டர் கையை எடுக்கவில்லை.