ஏழாவது தீவு

“நாலாவது தீவு!” என்று அமலினி கைதட்டினாள். தன் படகில் உட்கார்ந்து மனைவி கைதட்டுகிற நாளும் வரும் என்று ஜோக்கிம் கனவிலும் நினைத்ததில்லை.

படகு இருக்குமா, போகுமா என்பது இன்று அவள் கையில்தான் இருந்தது. இத்தாலியின் பலெர்மோவில் ஒரு வக்கீல் வீட்டில் சமைக்கிற மனிதனுக்குப் படகு ஒரு கேடா என்பது அவள் கட்சி. “இண்டைக்கு ஒருக்கா வந்து பாக்கிறன். பிடிச்சால் போட் இருக்கட்டும். பிடிக்காட்டில் திங்கக்கிழமை வித்துப்போட வேணும்” என்று தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தாள்.

மொத்தம் மூன்று படகுகள், மூன்றும் தமிழருடையவை. முதலில் போனவர் பத்மநாதன். வயதில் மூத்தவர், முதலில் படகு வாங்கியவர், போனில் கடல் வரைபடம் வைத்திருக்கிற ஒரே ஆள். அவருக்குப் பின்னால் றெஜி, கடைசியில் ஜோக்கிம்.

“முன்னாலை போறவனைப் பாத்துக்கொண்டு வாங்கோ. அங்கை இஞ்சை பிராக்குப் பாக்கக் கூடாது” என்று கரையிலேயே பத்மநாதன் சட்டம் போட்டிருந்தார். காலையிலிருந்து ஆப்பிரிக்கப் பக்கத்துப் புழுதிக் காற்று வேறு. கடலும் வானமும் சாம்பல் பூசிக்கொண்டு, முன்னால் போகும் ஒரு படகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஜோக்கிம் றெஜியின் படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூசையில்கூட அவன் இவ்வளவு ஒழுங்காக முன்னே பார்த்தது கிடையாது.

தீவுகளைப் பார்ப்பது அமலினியின் வேலையாயிற்று. புழுதிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த தீவுகளுக்கு அவளே பெயரும் வைத்தாள். அந்தோனியார் தீவு, செபஸ்தியார் தீவு, சூசையப்பர் தீவு என்று புனிதர்கள் வரிசையாக வந்தார்கள்.

“இஞ்சேருங்கோ, இதிலையும் அதே மாதிரி ஒரு இடிஞ்ச கோபுரம் நிக்குது.”

“இந்தக் கரை முழுக்க அந்தக் காலத்திலை காவல் கோபுரம் கட்டி விட்டிருக்கிறாங்கள்” என்றான் ஜோக்கிம், தலையைத் திருப்பாமலே. தெரியாத விஷயத்தை அடித்துச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அமலினி ஒவ்வொரு தீவையும் படம் எடுத்து, பாரிசில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். “பாவம், அவள் இவ்வளவு காலமாய் அங்கை இருந்தும் ஒரு தீவைக்கூடக் காணேல்லை” என்று இரங்கவும் செய்தாள். ஆறாவது தீவில் டப்பாவைத் திறந்து, கணவனின் வாயில் தன் கையாலேயே ஒரு மீன் றோல்ஸை ஊட்டிவிட்டாள். கலியாண நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஏழாவது தீவுக்குப் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் பெயரை வைத்துவிட்டு அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“போட்டை விக்க வேண்டாம் என்ன? அடுத்த வருசம் இதைவிடப் பெரிசாய் ஒண்டு பாப்பம். இன்னும் எத்தினை தீவு இருக்கெண்டு கேளுங்கோவன், எல்லாத்தையும் பாத்திட்டே போவம்.”

ஜோக்கிமுக்குக் கடலில் குதித்து ஆட வேண்டும் போலிருந்தது. உடனே பத்மநாதனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. அவரோடு படகில் இருந்த மனைவி குகனேஸ்வரியின் எண்ணுக்கு அடித்ததும் பத்மநாதனே பேசினார்.

“அண்ணை, இன்னும் எத்தினை தீவு இருக்கு? மனிசிக்கு நல்லாய்ப் பிடிச்சுப்போட்டுது.”

“மெல்லக் கதை தம்பி. என்ரை போன் செத்து ஒரு மணித்தியாலமாச்சு, வரைபடமும் அதோடை போச்சு. இது என்ரை மனிசியின்ரை பழைய போன், கதைக்க மட்டும்தான் ஏலும். றெஜிக்குச் சொல்லிப்போடாதை, மானம் போயிடும்.”

ஜோக்கிம் குரலைத் தாழ்த்தினான். “அப்ப எப்பிடி அண்ணை வழி பிடிச்சுப் போறியள்?”

“கடவுளாய்ப் பாத்து முன்னாலை ஒரு இத்தாலிக்காரனை அனுப்பியிருக்கிறார். கடலைக் கரைச்சுக் குடிச்சவன் போலை, ஒருக்காலும் திரும்பிப் பாக்காமல் போறான். அவன்ரை போட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் போறன். நீ பயப்பிடாதை.”

“எத்தினை தீவெண்டு அவனிட்டைக் கேட்டால் தெரியும்தானே?”

“அதுவும் சரிதான். பொறு, ஹோர்ண் அடிச்சு ஆளை நிப்பாட்டுறன்.”

ஜோக்கிம் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தான். நீளமாக ஒரு ஹோர்ண் சத்தம் கேட்டது.

வாய் நிறைய றோல்ஸோடு அமலினி திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, ஆரோ எங்களுக்குப் பின்னாலை நிண்டு ஹோர்ண் அடிக்கினம்!”