சூடான குழலில் ஒரு சொற்பொழிவு

“போடு” என்றார்.

அவள் கடைசித் தோட்டாவைத் துப்பாக்கிக்குள் தள்ளிப் பூட்டினாள். கன்னத்தை அதன் மரக்கட்டையில் பதித்தாள்.

இனி அவர் “சுடு” என்று சொல்ல வேண்டும். அதுவரை விரல் அசையக் கூடாது. அணிப் போட்டியில் அதுதான் முறை. சுடுபவர் படுத்திருப்பார். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்து, கொடிகளைப் பார்த்துக் காற்றைக் கணித்துச் சொல்வார்.

கொடி திடீரென்று மறுபக்கம் திரும்பியது.

“இரு” என்றார்.

ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஜனவரி வெயில். இந்தத் துப்பாக்கிக் கழகத்தில் வசுமதியின் வேலை, பல வருடங்களாக, தேநீருக்கு சாண்ட்விச் வெட்டுவது. இந்த வருடம்தான் அணியில் சேர்த்தார்கள். இன்றுதான் கடைசி ஆளாகச் சுட விட்டிருக்கிறார்கள், அதுவும் அரைமனதாக.

நடுவட்டத்தில் பட்டால் கேடயம் இவர்களுக்கு. படாவிட்டால் பக்கத்து ஊருக்கு. அவளுக்கு மறுபடியும் சாண்ட்விச்.

நாற்காலியில் இருந்தவர் அவளுடைய கணவர். ஊரின் ஒரே பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பேசிப் பழகியவர்.

கட்டையில் கன்னம் பதித்திருப்பவளுக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

தோட்டாக்கள் அவர் வீட்டில் கையால் வெடிமருந்து அடைத்தவை. கழகத்தில் எல்லோருமே அப்படித்தான் அடைக்கிறார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவும் செய்கிறார்.

போன வருடம் கழகத்தின் ஆண்டு விருந்தில் திரையில் படங்கள் போட்டு விளக்கினார். மருந்துக்குச் சூடு ஏறினால் வேகமாக எரியும். அழுத்தம் கூடும். குண்டு வேகமெடுத்துக் குறிக்கு மேலே போய் அடிக்கும். ஆகவே தோட்டா நிழலில் இருக்க வேண்டும். ஆகவே, சுட்டுச் சுட்டுக் கொதிக்கும் குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரி வெந்துவிடும்.

இட்லிப் பானை என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எல்லோருடைய ஐஸ்கிரீமும் உருகிவிட்டது.

கொடி இன்னும் திரும்பவில்லை.

சும்மா இருக்க அவருக்கு வராது.

தாழ்ந்த குரலில், தமிழில், ஆரம்பித்தார். காலையிலிருந்து தோட்டாக்களை ஈரத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தது யார் என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். எதிரணிக்காரர்கள் பாய்மேல் வெயிலில் பரப்பி வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தாயா என்றார். மருந்து மணியின் மேல்பூச்சு, இத்தனை டிகிரிக்கு இவ்வளவு வேகம், அதை அளக்கும் கருவி.

“ஏங்க, கொடி சரியாயிருச்சு” என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

“இரு வசு. எல்லாத்துக்கும் அவசரந்தான் உனக்கு.”

வாக்கியத்தை முடித்தார். அதற்கு ஓர் உதாரணமும் சொன்னார்.

பிறகு, “ம், சுடு.”

தூரத்தில் இலக்கு கீழே இறங்கியது. மேலே வந்தது. குண்டு பட்ட ஓட்டையில் செருகிய வெள்ளை வில்லை, நடுவட்டத்துக்கு வெளியே. இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. காற்றின்மேல் பழிபோட வழியே இல்லை.

நேர் மேலே.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. விருந்தில் அவர் போட்டுக் காட்டிய படமே அதுதான்.

அணித் தலைவர் நெவில் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கோதுமை விவசாயி. வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

கடைசி நேரத்தில் அவளுக்குக் கை பதறிவிட்டது என்றார் கணவர்.

வலிக்காது என்று நோயாளிகளிடம் சொல்லும் அதே குரல். யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது.

வசுமதி முழங்கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும்.

பரவாயில்லை, அடுத்த முறை கடைசி இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நெவில் கனிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு நடந்தார்.

திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. நெவில் நடந்து போன தூரம் முழுக்க இருந்தது.

கணவருக்குக் காது மடல் எரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

தேநீர்க் கொட்டகையில், ஜெயித்த அணியோடு புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் வந்திருந்தார்கள். வழக்கம்போல வெயிலையும் மருந்தையும் பற்றி டாக்டர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள் கழகத்தார்.

இன்றைக்கு வேண்டாமே என்றார்.

கழகம் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. தோல்வியின் வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வசுமதி ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“போய்ப் பேசுங்க. அங்க பாதியில நின்னுபோச்சுல்ல.”

எழுந்து போனார். பேசினார். நிழலைச் சொன்னார். ஈரத் துண்டைச் சொன்னார். சூடான குழல் வந்ததும், முனகுவது போல ஒரே வரியில் அதைத் தாண்டப் பார்த்தார்.

எதிரணியில் ஒருவன் விடவில்லை. இந்த வெயிலில், கொதிக்கிற துப்பாக்கிக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு எந்த மடையனாவது காத்துக்கொண்டிருப்பானா என்று கேட்டான்.

கொட்டகையே சிரித்தது.

வசுமதி கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் தூக்கினாள்.

விரல்களில் வெண்ணெய்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் கையை இறக்கவில்லை.

நெவில்தான் முதலில் அவள் கணவர் பக்கம் திரும்பினார்.