இடமிருந்து வலம்

குடியிருப்புச் சங்கத் தலைவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே போட்டோக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"இந்தத் தடவை யாருங்க?"

"நம்ம தையல்கார அக்கா. நினைவுக் கூட்டத்துக்குப் படம் வேணும்ப்பா. ஊருக்கே உடுப்பு தைச்ச மனுஷி, தனக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்கலையே!"

மிரட்டியே பிள்ளைகளைப் பாஸாக்கிய வாத்தியாருக்கும், கதை பேசியே பாலைத் திரியவிட்ட பால்காரருக்கும் செய்ததுபோல, சங்கத்தின் குரூப் போட்டோவிலிருந்தே அக்காவின் முகத்தையும் போட்டோக்காரர் வெட்டி எடுத்தார்.

தலைவர் கணினித் திரையையே வெறித்தார். "வாத்தியார், பால்காரர், அக்கா... நிக்கிற வரிசையிலேயே போறாங்களே! அடுத்தது நான்தானே?"

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க தலைவரே."

"என்னை இதுலேருந்து அழிச்சிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

போட்டோக்காரர் சிரித்துக்கொண்டே அவரை அழித்து, இடைவெளி தெரியாமல் வரிசையை நெருக்கி ஒட்டினார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் தலைவர் நடையைக் கட்டினார்.

கணினியை அணைக்கப் போன போட்டோக்காரரின் கை அப்படியே நின்றது.

படத்தில் அக்காவின் தோளை உரசியபடி இப்போது போட்டோக்காரரே நின்றிருந்தார். அன்று, "நீயும் வந்து என் பக்கத்துல நில்லுப்பா" என்று தலைவர் கூப்பிட்டதும், கேமராவில் டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து நின்ற அதே சிரிப்போடு.